பிளானில் இல்லாத அறை

வீட்டை விற்பதென்றால் வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் நேரில் வந்தாக வேண்டும் என்று வக்கீல் சொன்னபோது, நான் என் கணவரைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் விசாகப்பட்டினத்தில் இருந்தார். நான் கல்கத்தாவில், பவானிபூரில், நாங்கள் சேர்ந்து வாங்கிய மூன்றாம் மாடி ஃபிளாட்டில் தனியாக இருந்தேன். பிரிந்து போகிற மாதிரி எங்களுக்குள் சண்டை எதுவும் நடந்திருக்கவில்லை. கோர்ட், விவாகரத்து என்று யாரும் பேசியதும் இல்லை. அவருக்கு மாற்றல் வந்தது, போனார். என் வேலை இங்கே இருந்தது, நான் இருந்தேன். முதலில் மாதம் ஒரு முறை வந்தார். பிறகு பூஜை விடுமுறைக்கு மட்டும் வந்தார். பிறகு அதுவும் நின்றது. ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அவரும் கேட்கவில்லை.

எனக்கு சால்ட் லேக்கில் அரசுக் குடியிருப்பு ஒதுக்கியிருந்தார்கள். என் அலுவலகமும் அங்கேதான் மாறியிருந்தது. ஃபிளாட்டை என்ன செய்வது என்று அவரைத் தொலைபேசியில் கேட்டேன்.

"வித்துடலாமா?"

"உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்," என்றார்.

வாங்க வந்தவர்கள் ஒரு வங்காளித் தம்பதி. சின்ன வயது. இரண்டு பேருக்கும் செக்டர் ஃபைவில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அவர்களுக்கு வீடு பிடித்துவிட்டது. அவர்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கிதான் காகிதங்கள் கேட்டது. கார்ப்பரேஷன் பதிவில் எங்கள் பெயர் ஏறியிருக்கிறது என்பதற்கு மியூட்டேஷன் சான்று, வரி பாக்கி இல்லை என்ற சான்று, இவற்றோடு, கட்டியிருக்கும் வீடும் அனுமதி வாங்கிய பிளானும் ஒன்றுதான் என்று ஒரு கடிதம். எங்களிடம் ஒன்றுகூட இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஃபிளாட்டை வாங்கியபோது, பத்திரம் கையில் வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். வரி ரசீது அத்தனை வருடமும் வீட்டைக் கட்டிக் கொடுத்தவர் பெயரிலேயே வந்தது. அந்தக் கட்டடத்தில் யாருக்குமே அது ஒரு விஷயமாகத் தோன்றவில்லை.

அவர் ஒரு மழைக்காலக் காலையில் தோளில் ஒரு பையோடு வந்து இறங்கினார். அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தேன். படியேறிய மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார்.

"சாவி உங்ககிட்ட இருக்கே," என்றேன்.

"இருக்கு," என்றார். "இருந்தாலும்..."

காபி குடித்தார். செய்தித்தாளைப் புரட்டினார். பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நான் பின்னால ரூம்ல படுத்துக்கிடுதேன்."

சரி என்றேன். அவர் எந்த அறையைக் கேட்பார் என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. ஆனால் கேட்டதும், வேறு எங்கே படுப்பார் என்றுதான் தோன்றியது.

அது அவருடைய அக்காவின் அறை. அவர்கள் ஊரான அம்பாசமுத்திரத்து வழக்கப்படி நான் மதினி என்று கூப்பிடுவேன். குழந்தைப் பருவத்தில் வந்த போலியோவில் மதினிக்கு இடது கால் சூம்பிப்போயிருந்தது. கக்கத்தில் கட்டையை ஊன்றித்தான் நடப்பார். கல்யாணம் ஆகவில்லை. பெற்றோரைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்தார். அவர்கள் இருவரும் ஒருவர் பின் ஒருவராகப் போனதும், மதினியை யார் வைத்துக்கொள்வது என்று சொந்தக்காரர்கள் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். அந்தப் பேச்சு முடியுமுன்பே என் கணவர் ஊருக்குப் போய் அக்காவை ரயிலேற்றிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

லிஃப்ட் கிடையாது. மதினி மூன்று மாடியையும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். கடைசிப் படிக்கு வந்ததும் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, ஒங்க வீடு என்ன, கைலாசத்துலயா இருக்கு?"

அதுதான் அந்த வீட்டுக்கு வந்து மதினி என்னிடம் பேசிய முதல் பேச்சு.

ஃபிளாட்டில் ஒரே ஒரு படுக்கையறை. ஒரு ஹால், சமையலறை, பின்பக்கம் அகலமான வராந்தா. ஹாலில் கட்டில் போட்டுக் கொடுத்தோம். மதினிக்கு அது சரிப்படவில்லை. "நடுவீட்டுல படுத்துக்கிட்டு போறவங்க வாறவங்க காலப் பாத்துக்கிட்டு இருக்கவா?" என்றார். அதனால் என் கணவர் ஒரு கொத்தனாரைப் பிடித்து வராந்தாவை மூடினார். இடுப்பளவுக்குச் செங்கல், அதற்கு மேல் ஜன்னல்கள், ஒரு கதவு. அப்போது அந்தக் கட்டடத்தில் பாதிப் பேர் வராந்தாவை மூடிக்கொண்டிருந்தார்கள். அதற்கெல்லாம் அனுமதி வாங்க வேண்டும் என்று யாரும் நினைத்ததில்லை.

அந்த ஜன்னலில் உட்கார்ந்துதான் மதினி வங்காளி கற்றுக்கொண்டார். சந்து குறுகலானது. எதிர் வீட்டுப் பெண்கள் கையெட்டும் தூரத்தில் துணி காயப்போடுவார்கள். என் கணவருக்குப் பத்து வருடமாகியும் வராத பாஷையை மதினி ஒரே வருடத்தில் அம்பாசமுத்திரத்து ராகத்தில் பேசினார். கிரிக்கெட் நடக்கும்போது கரண்ட் போய்விட்டால், டிரான்சிஸ்டரில் கேட்டு எதிர் வரிசை முழுவதற்கும் ஸ்கோர் சொல்வார். எல்லோருக்கும் அவர் தீதி, அவர்கள் பாஷையில் அக்கா. எங்களைத் தெரியாதவர்கள்கூட எங்களைத் தீதியின் வீட்டுக்காரர்கள் என்று தெரிந்து வைத்திருந்தார்கள்.

நானும் என் கணவரும் பேச்சுக் குறைவானவர்கள். என் அப்பா அம்மா தஞ்சாவூர்ப் பக்கம், நான் பிறந்து வளர்ந்தது இங்கே. பார்த்து முடித்த கல்யாணம். குழந்தை இல்லை. நல்ல மனிதர், நல்ல மனுஷி என்று ஒருவரைப் பற்றி ஒருவர் நினைத்துக்கொண்டிருந்தோம். அதற்குமேல் என்ன பேசுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. மதினி வந்த பிறகு அந்தக் கஷ்டம் இல்லாமல் போயிற்று. சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொல்வார்.

"ஒன் வீட்டுக்காரனுக்கு ரெண்டு நாளா தலவலி. ஒங்கிட்டச் சொல்லமாட்டான். இன்னைக்குக் காப்பியக் கொஞ்சம் கடுப்பமாப் போட்டுக் குடு."

அவரிடமும் இதே மாதிரி என்னைப் பற்றிச் சொல்வார் போலிருக்கிறது. அலுவலகத்தில் எனக்கு ஏதாவது சங்கடம் நடந்த நாட்களில், எதுவும் கேட்காமல் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பார். எப்படித் தெரிந்தது என்று நான் யோசித்ததில்லை.

ஒரு ஜனவரி காலையில் காபியோடு அந்த அறைக்குள் போனேன். மதினி எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். கீழ் வீட்டு ஆண்களும் எதிர் வீட்டு ஆண்களும் சேர்ந்து மதினியைப் படிகளில் இறக்கினார்கள். எதிர் ஜன்னல்கள் எல்லாவற்றிலும் பெண்கள் நின்றார்கள்.

அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது, எங்களுக்குள் பேச்சே இல்லை என்று. சாப்பாட்டு மேஜையில் நான் அவருக்குப் பரிமாறுவேன். அவர் போதும் என்பார். அவர் முகம் வாடியிருந்தால் என்ன காரணம் என்று எனக்குத் தெரியாது. கேட்கலாம். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. மாற்றல் உத்தரவு வந்த அன்று அதை மேஜைமேல் வைத்தார். நான் படித்துப் பார்த்துவிட்டு, எப்போது சேரவேண்டும் என்று கேட்டேன். தேதி சொன்னார். நீயும் மாற்றல் கேளேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் வரட்டுமா என்று நான் கேட்கவில்லை.

இதுதான் எங்கள் கதை. இனி கார்ப்பரேஷன் விஷயத்துக்கு வருகிறேன்.

வார்டு அலுவலகத்தில் ஒரு நீளமான பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கூப்பிட்டபோது இருவருமாக எழுந்து போனோம். கவுண்டருக்குப் பின்னாலிருந்தவர் பத்திரத்தையும் எங்கள் முகங்களையும் பார்த்தார். "கணவன் மனைவியா?" என்று கேட்டார். ஆமாம் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். கையெழுத்துப் போட்டோம். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினார்.

"என்ன மாத்திரை?"

"பிரஷர்."

"எப்போலேர்ந்து?"

"ஆச்சு, போன வருஷத்துலேருந்து." கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி சிரித்தார். "பெருசா ஒண்ணுமில்ல."

பிறகு ஒருநாள் வீட்டைப் பார்க்க இன்ஸ்பெக்டர் வந்தார். அடக்கமான மனிதர். ஈரச் செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். மடித்து மடித்து ஓரம் கிழிந்த பிளானை மேஜையில் விரித்தார். ஹாலை அளந்தார், படுக்கையறையை அளந்தார், சமையலறையை அளந்தார். எல்லாம் சரியாக இருந்தது. பின்பக்கக் கதவைத் திறந்ததும் நின்றுவிட்டார்.

மதினியின் கட்டில் அங்கேயே இருந்தது. அதன்மேல் என் கணவரின் பை. ஜன்னல் திட்டில் அவருடைய சவர சாமான்.

"பிளானில் இது திறந்த வராந்தா," என்றார் இன்ஸ்பெக்டர்.

"மூடிட்டோம்," என்றேன். "ரொம்ப வருஷம் ஆச்சு."

"அனுமதி வாங்கினீர்களா?"

"இல்லை."

அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. இந்த மாதிரி எத்தனையோ வீடு பார்த்திருப்பார். "யார் இருக்கிறார்கள் இதில்?" என்று கேட்டார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்போ யாரும் இல்லை," என்றேன்.

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். இந்த நிலையில் வீடும் பிளானும் ஒன்று என்று கடிதம் தர முடியாது, வக்கீலைக் கேளுங்கள், அவர் வழி சொல்வார் என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு, மழையைப் பார்த்தபடி சற்று நின்று, பிறகு இறங்கிப் போனார்.

வக்கீலின் அறை அலிப்பூரில், கோர்ட்டுக்குப் பின்பக்கம், தகரக் கூரை போட்ட வரிசையில் இருந்தது. மழை கூரையில் அடிக்கும் சத்தத்தில் அவர் கொஞ்சம் உரக்கப் பேசவேண்டியிருந்தது. இது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்றார். கல்கத்தாவில் பாதி வீடு இப்படித்தான். சின்ன மாறுதல் என்று காட்டி முறைப்படுத்திக் கொள்ளலாம். ஆள் குடியிருந்த அறை என்றால் அது வேறு வகை, விண்ணப்பம் வேறு, நாளாகும், முடிவு எப்படி வருமென்றும் சொல்ல முடியாது. சாமான் வைக்கும் இடம் என்றால் சுலபம். அதனால் ஓர் உறுதிமொழிப் பத்திரம் தயார் செய்து வைத்திருக்கிறேன், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்.

ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருந்தது. அந்தப் பகுதி சாமான்கள் வைக்க மட்டுமே பயன்பட்டது என்றும், எந்தக் காலத்திலும் எவரும் அங்கே வசித்ததில்லை என்றும் இருந்தது. நான் படித்தேன். கையெழுத்துப் போட்டேன். வாங்கும் பிள்ளைகளுக்கு வங்கி கெடு வைத்திருந்தது. குடியிருப்பின் சாவியை வாங்கிக்கொள்ளச் சொல்லி எனக்கும் கடிதம் வந்திருந்தது. பேனாவை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் நிதானமாகப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பேனாவை எடுக்கவில்லை.

"பெயரில் ஏதாவது தப்பு இருக்கிறதா தாதா?" என்று வக்கீல் கேட்டார்.

"அமார் தீதி ஓகானே தாக்தேன்," என்றார் என் கணவர்.

என் அக்கா அங்கே இருந்தார். அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு முழு வங்காளி வாக்கியம் வந்து நான் கேட்டதே இல்லை.

வக்கீலுக்குப் புரிந்தது. குரலைத் தணித்துக்கொண்டார். "தீதி இப்போது இல்லை என்று மேடம் சொன்னார்கள். இது ஒரு ஃபைலில் போய் உட்காரும் காகிதம் தாதா. யாரும் படிக்கப் போவதில்லை. யாருக்கும் கெடுதல் இல்லை."

"எட்டு வருஷம் இருந்தாங்க. அங்கேயேதான் செத்துப்போனாங்க. யாரும் இருக்கவே இல்லைன்னு நான் எழுதிக் குடுக்க முடியாது," என்று மீதியை ஆங்கிலத்தில் சொன்னார்.

"அப்படியானால் இடித்துத் திரும்ப வராந்தாவாக்கிக் காட்ட வேண்டும். வங்கிக் கெடுவுக்குள் வேறு வழியில்லை."

"இடிச்சிடலாம்," என்றார் அவர்.

வெளியே வந்து கூரையின் ஓரத்தில் நின்றோம். மழை விடவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவரிடம் கோபப்பட்டே பல வருடமாகியிருந்தது.

"மதினி இருந்தது நமக்குத் தெரியாதா? ஒரு காகிதத்துக்காக ரூமை இடிக்கணுமா?"

"இடிச்சா செங்கல்தான் போவும்."

"கையெழுத்து போட்டிருந்தா அதுவும் போயிருக்காது."

"அவ இருக்கவே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு, நான் அந்த ரூம்ல எப்படிப் போயி நிப்பேன்?"

"விக்கத்தானே போறோம். யார் நிக்கப் போறா அங்கே?"

"இன்னைக்குப் போயி அங்கதாம்லா படுக்கணும் நான்."

கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் யாரிடமும் முடியாது என்று சொல்லி நான் பார்த்ததில்லை. மேலதிகாரியிடமும் சொன்னதில்லை, என்னிடமும் சொன்னதில்லை. நனைந்துகொண்டே பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது, மாற்றல் உத்தரவு வந்த அன்றைக்கு இந்த மனிதர் எங்கே போயிருந்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் லீவை நீட்டித்தார். கொத்தனார் வருவதற்கு முன்தினம் அறையை ஒழித்தோம். மதினியின் புடவைகளை எப்போதோ கொடுத்துவிட்டிருந்தேன். டிரான்சிஸ்டரை எடுத்து என் பெட்டியில் வைத்தேன். கட்டிலைக் கீழ்வீட்டுக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அலமாரிக்குப் பின்னால், கதவுக்குப் பின்னால் எல்லாம் பார்த்தும் ஒன்று மட்டும் கிடைக்கவில்லை.

"மதினியோட கட்டை எங்கே? நான் இங்கேதான் சாத்தி வெச்சிருந்தேன்."

அவர் துணியை மடித்துக்கொண்டிருந்தார். "எங்கிட்ட இருக்கு," என்றார். "விசாகப்பட்டினத்துல."

"எப்போ எடுத்துட்டுப் போனீங்க?"

"மொத தடவ போவும்போதே."

அந்த ஊரில் அவர் அறை எப்படி இருக்கும் என்று நான் அதுவரை கற்பனைகூடச் செய்ததில்லை. இப்போது ஒரு சுவரும் அதில் சாய்ந்திருக்கும் கட்டையும் மட்டும் தெரிந்தன.

மறுநாள் சுத்தியல் விழுந்ததும் எதிர் ஜன்னல்கள் திறந்தன. மதினிக்கு மிகவும் வேண்டிய கிழவி ஒருத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். தீதியின் அறையை ஏன் உடைக்கிறீர்கள், உங்களுக்கு என்ன பைத்தியமா என்று கேட்டாள். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் முன்னால் போய் நின்றார். அரைகுறை வங்காளியில் கார்ப்பரேஷன், பிளான், வங்கி என்று ஏதேதோ சொன்னார். கிழவிக்குப் பாதிதான் புரிந்திருக்கும். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். தீதி இருந்தால் இப்போது எங்களுக்கு ஸ்கோர் சொல்லிக்கொண்டிருப்பாள் என்றாள். அவரும் அழுதார். சுண்ணாம்புத் தூசி படிந்த முகத்தில் கண்ணீர் கோடாக இறங்கியது. கொத்தனார் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பீடி பற்றவைக்கப் போய்விட்டார்.

இடிக்கும் வேலை நடந்த அந்தச் சில நாட்களும் நாங்கள் மதினியைப் பற்றியே பேசினோம். செத்துப்போய் ஆறு வருடமாகியும் நாங்கள் இருவரும் அதுவரை மதினியைப் பற்றி ஒருவரோடொருவர் பேசியதில்லை. ஹாலில் தூசிக்குப் பயந்து எல்லாவற்றின்மேலும் பழைய விரிப்புகளைப் போர்த்திவிட்டு, நடுவில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மதினி முதன்முதலில் பூஜைப் பந்தலைப் பார்க்கப் போய், கூட்டத்தில் ஒரு போலீஸ்காரரை மிரட்டி நாற்காலி வாங்கிய கதையை அவர் சொன்னார். என்னை விட்டுவிட்டு இருவரும் போயிருந்தார்கள், எனக்குத் தெரியாது. நான் மதினியின் வங்காளியைப் போலப் பேசிக் காட்டினேன். அவர் புரையேறும்படி சிரித்தார். அவர் அப்படிச் சிரிப்பார் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. பாத்திரம் கழுவும்போது எனக்குத் திடீரென்று தோன்றியது, இவரோடு போய்விட்டால் என்ன? மாற்றல் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதினால் போதுமே.

கடைசி நாள் சாப்பாட்டின்போது அவர் சொன்னார். "ஒனக்கு ஊதா கலருன்னா உசிருன்னு அக்காதான் சொன்னா. இல்லைன்னா எனக்கு என்ன தெரியும்? ஒவ்வொரு வருஷமும் ஒனக்குச் சேல எடுக்கப் போவும்போது அவதான் கலர் சொல்லி அனுப்புவா."

நான் சிரித்தேன். "உங்களுக்கு நார்த்தங்கா ஊறுகாய் வேணும்னு என்கிட்ட சொன்னதும் மதினிதான். உங்க ஸ்வெட்டர்கூட மதினி சொல்லித்தான் பின்னினேன்."

"ஸ்வெட்டருமா?"

"ஆமா. என் பிறந்தநாளுக்கு ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போனது?"

"அதுவும் அவ சொன்னதுதான்." இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். "சண்ட போட்டுட்டு நீ அம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப, போயி கூட்டிட்டு வாடான்னு வெரட்டினதும் அவதான்."

நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன். அவராகத்தான் வந்தார் என்று அத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். என் முகம் மாறியதை அவர் பார்த்துவிட்டார். அவர் சொன்னது எங்கே போய்ப் பட்டது என்று அவருக்கும் புரிந்திருக்கும். ஏதாவது சொல்லியிருக்கலாம். வர எனக்கும் ஆசைதான் என்றோ, வெட்கத்தில் வரவில்லை என்றோ ஒரு வார்த்தை போதும். தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தார். நானும் மோர் வேண்டுமா என்று மட்டும் கேட்டேன்.

அன்றோடு மதினியைப் பற்றிய பேச்சு தீர்ந்துபோயிற்று. அதற்குமேல் எங்களிடம் சொந்தமாகப் பேச ஒன்றும் இல்லை.

இடிபாடுகளை மூட்டை மூட்டையாகக் கீழே இறக்கிய பிறகு, வாங்கும் தம்பதி பார்க்க வந்தார்கள். வராந்தா திறந்து கிடந்தது. எதிர் வீட்டுத் துணிகள் காற்றில் ஆடின. அந்தப் பெண் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எவ்வளவு காற்று!" என்றாள். பிறகு தயங்கி, "ஆனால் அந்த அறை இருந்திருந்தால் அம்மாவை இங்கே கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தோம் பௌதி," என்று என்னை அண்ணி முறை வைத்துச் சொன்னாள்.

"பிறகு நாங்களே மூடிக்கொள்வோம்," என்றான் அவள் கணவன்.

"பர்மிஷன் வாங்கிட்டுச் செய்யுங்க," என்றார் என் கணவர். அவன் வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தான்.

இன்ஸ்பெக்டர் மறுபடியும் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார். சில நாட்களில் கடிதமும் சான்றுகளும் வந்தன. மியூட்டேஷன் சான்றில் எங்கள் இருவர் பெயரும் அடுத்தடுத்து இருந்தன. பதினைந்து வருடத்துக்கு மேல் அந்த வீட்டில் இருந்தும் கார்ப்பரேஷன் பதிவில் நாங்கள் ஏறியது அப்போதுதான். பத்திரம் பதிவானதும் அந்தப் பெயர்களை எடுத்துவிடுவார்கள்.

அலிப்பூரில் பதிவு முடிந்து வெளியே வந்தபோது வெயில் அடித்தது. சாவிகளைக் கொடுத்துவிட்டோம். அந்தப் பிள்ளைகள் எங்கள் காலைத் தொட்டு வணங்கிவிட்டு, டாக்சி பிடித்துப் போய்விட்டார்கள். அவருக்குச் சாயங்காலம் ரயில். பை கையிலேயே இருந்தது.

சாலையோரம் நின்றோம். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அங்க வீடு கடலுக்குப் பக்கந்தான்," என்றார். "காத்து நல்லா வரும்."

"அப்படியா?"

"ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போயேன்."

"லீவு பாக்கணும்," என்றேன். உடனே வாயில் வந்த பதில் அது. வேறு ஏதாவது சொல்வாரா என்று காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார் என்றே இப்போது நினைக்கிறேன். பிறகு ஹௌரா பஸ் வந்தது. கூட்டமாக இருந்தது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்து, "உடம்பப் பாத்துக்க," என்றார். கண்டக்டர் பஸ்ஸின் பக்கத்தைத் தட்டினார். நான் சாலையைக் கடந்து எதிர்ப் பக்கம் போய் சால்ட் லேக் போகும் பஸ்ஸுக்கு நின்றேன்.

விசாகப்பட்டினத்துக்கு நான் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்ச காலம் தொலைபேசியில் பேசிக்கொண்டோம். அங்கே மழையா என்பார். ஆமாம் என்பேன். மாத்திரை சாப்பிடறீங்களா என்று கேட்பேன். சாப்பிடுகிறேன் என்பார். பிறகு அது பண்டிகைகளுக்கு மட்டும் என்று ஆயிற்று. சில வருடங்கள் கழித்து ஓய்வு பெற்று அம்பாசமுத்திரத்துக்கே போய்விட்டார். நான் சால்ட் லேக்கில்தான் இருக்கிறேன். இன்றும் தீபாவளிக்குக் கூப்பிடுகிறார். பேசி முடித்த பிறகு யார் முதலில் வைப்பது என்று தெரியாமல் இரண்டு பேரும் சற்று நேரம் சும்மா லைனில் இருப்போம். அந்தப் பக்கம் அவர் மூச்சு கேட்கும். பிறகு யாராவது ஒருவர் வைத்துவிடுவோம்.